பேனா வாங்கும் முன் கணக்குக் கொப்பியைத் திறவுங்கள்

மன்னார் நகரில் ஸ்டூடியோ நடத்தும் ஒரு சகோதரர் சென்ற மாதம் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். "நானா, கம்பியூட்டரில் பேனாவால் கீறிப் படம் திருத்தும் டெப்லட் ஒன்று எடுக்கப் போகிறேன். திரையோடு வருவதைக் கொழும்பில் ஒரு கடையில் தவணைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?" என்றார். விலையைக் கேட்டேன். சொன்னார். அவருடைய கடையின் இரண்டு மாத வாடகையை விட அது அதிகம்.

"ஒரு மாதத்தில் எத்தனை படங்களைக் கையால் திருத்துகிறீர்கள்?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. எழுதி வைத்திருக்கவில்லை. நம்மில் பலருடைய நிலையும் இதுதான். பொருளின் விலை தெரியும், அது நம் கடையில் செய்யப்போகும் வேலையின் அளவு தெரியாது. இந்தக் கட்டுரை பென் டெப்லட்டைப் பற்றியது. ஆனால் தராசு, குளிரூட்டி, தையல் இயந்திரம் என்று எந்தக் கருவியை வாங்க நினைக்கும் வியாபாரிக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

இது என்ன பொருள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிள்ளைகள் படம் பார்க்கும் 'டெப்' வேறு, இது வேறு. பென் டெப்லட் என்பது யூஎஸ்பி வயரால் கம்பியூட்டருடன் இணைக்கும் ஒரு தட்டையான பலகை. அதனுடன் ஒரு பேனா வரும். பலகையின் மேல் பேனாவை நகர்த்தினால் கம்பியூட்டர் திரையில் அம்புக்குறி நகரும். மவுஸ் செய்யும் வேலைதானே என்று கேட்கலாம். மவுஸுக்குத் தெரிந்தது அழுத்துவதும் விடுவதும் மட்டுமே. பேனாவோ நீங்கள் மெல்லத் தொட்டீர்களா, பலமாக அழுத்தினீர்களா என்பதை அறியும். போட்டோஷொப்பில் மெல்லத் தொட்டால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு, அல்லது மெல்லத் தொட்டால் மங்கலான நிறம், அழுத்தினால் அடர்ந்த நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். முகத்தில் விழுந்த ஒரு கீறலை மறைப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

இத்துறையில் பழைய பெயர் ஜப்பானின் வக்கொம். 1983இல் தொடங்கிய கம்பனி அது. பேனாவுக்குள் மின்கலம் இல்லாமல், பலகை அனுப்பும் மின்காந்த அலையை வைத்தே பேனா வேலை செய்வது அவர்களின் முறை. பல ஆண்டுகள் நல்ல பேனா என்றால் வக்கொம் என்றுதான் இருந்தது. இன்று ஹுயியன், எக்ஸ்பி-பென் போன்ற கம்பனிகளும் மின்கலமில்லாத பேனாவைக் குறைந்த விலையில் தருகின்றன. போட்டி வந்ததால் நமக்கு நன்மை. தெரிவு கூடியதால் ஏமாறும் வாய்ப்பும் கூடியது.

யாருக்குத் தேவையில்லை?

கூடாது என்று சொல்ல வேண்டியவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புடவைக் கடை, பாதணிக் கடை, தளபாடக் கடை வைத்திருப்பவர்கள் இப்போது பொருளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் போடுகிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் ஒரு சல்வாரின் பின்னணியை வெள்ளையாக்குவதற்குப் பேனா தேவையில்லை. பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் படம் எடுத்தால் பாதி வேலை முடிந்தது. மீதியைப் போனே செய்யும். இந்தச் சகோதரர்கள் அந்தப் பணத்துக்கு இரண்டு நல்ல மின்விளக்குகள் வாங்கினால் விற்பனைக்கு உதவும்.

அடுத்தது, அடையாள அட்டைப் படத்தையும் கடவுச்சீட்டுப் படத்தையும் மட்டுமே நம்பி ஓடும் ஸ்டூடியோக்கள். 2015ஆம் ஆண்டு முதல் கடவுச்சீட்டுப் படத்தை அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவே எடுத்து, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குக் கணினி வழியே அனுப்பும் முறை வந்தது. தேசிய அடையாள அட்டைக்கும் சர்வதேசத் தரத்திலான படம் கேட்கப்படுகிறது. இந்தப் படங்களில் முகத்தைத் திருத்தவே கூடாது. மச்சத்தை அழிப்பதும், நிறத்தை வெளுப்பதும், தாடையை ஒடுக்குவதும் வாடிக்கையாளரை விமான நிலையத்தில் சங்கடத்தில் விடும் காரியங்கள். இங்கே தேவை நல்ல வெளிச்சமும் சரியான பின்னணியும்தான்.

யாருக்குத் தேவை?

கல்யாண அல்பம் செய்பவர்களுக்குத் தேவை. மணப்பெண்ணின் உடையில் விழுந்த நிழல், நகையில் தெறித்த வெளிச்சம், பின்னால் நிற்கும் மின்கம்பம் என்று நூற்றுக்கணக்கான படங்களைத் திருத்த வேண்டியிருக்கும். பள்ளிமுனைப் பெருக்க மரத்தடியிலும், கோட்டை மதிலோரத்திலும், தள்ளாடிப் பாலத்திலும் எடுக்கும் படங்களில் காற்று கலைத்த முடியையும் துணியையும் சரிசெய்யவே நேரம் போகிறது. நாள் முழுக்க மவுஸைப் பிடித்து மணிக்கட்டு வலி கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பேனா அந்தச் சுமையைக் குறைக்கும்.

இதைவிட முக்கியமான ஒரு வேலை மன்னாரில் இருக்கிறது. அதுதான் பழைய படங்களைத் திருத்துவது.

நமது மாவட்டத்தின் படங்கள் பட்ட பாடு வேறெங்கும் பட்டிருக்காது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த அதே இரவில் தலைமன்னாரையும் தாக்கியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மொத்தம் சுமார் 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், மூர்வீதி, விடத்தல்தீவு, முசலி என்று நம் ஊர்கள் ஒரு சில நாட்களில் வெறுமையாகின. தீவிலிருந்த பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அந்த அவசரத்தில் அல்பத்தை எடுத்தவர்கள் மிகச் சிலர். எடுத்தவர்களின் படங்களிலும் கடல் நீர் தெறித்தது. அதன்பின் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் மழைக்கும் கறையானுக்கும் தப்பியது கொஞ்சமே. பேசாலை, தலைமன்னார்ப் பக்கத்துத் தமிழ்ச் சகோதரர்கள் பலரும் போர்க்காலத்தில் படகேறி இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் இருந்து வந்தவர்கள். அவர்களுடைய படங்களின் கதையும் இதுவே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளம் மறுபடியும் வீடுகளுக்குள் புகுந்து அலுமாரிகளை நனைத்தது.

ஆகவே கிழிந்த, பூஞ்சை பிடித்த, கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களைக் கொண்டுவந்து "இதைச் சரியாக்கித் தர முடியுமா?" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் மன்னாரிலும் புத்தளத்திலும் இருக்கிறார்கள். இது ஒரு வியாபாரம். அதே நேரம் ஒரு அமானிதமும் கூட.

நான் கண்ட ஒரு காட்சி

மேலே சொன்ன சகோதரரின் கடையில் நான் இருந்தபோதே நடந்தது இது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாய் வந்தார். சில நாட்களுக்கு முன் கொடுத்துச் சென்ற அவருடைய தகப்பனாரின் படத்தை எடுக்க வந்திருந்தார். மூலப் படம் தீப்பெட்டி அளவு. இடது கன்னத்தின் மேல் பூஞ்சை பரவி ஒரு கண்ணை மூடியிருந்தது. கடையில் வேலை செய்யும் பையன் போனில் இருந்த செயலி ஒன்றில் அதைப் போட்டு, ஒரு நிமிடத்தில் தெளிவான படமாக எடுத்து, பெரிதாகப் பிரின்ட் செய்து, சட்டமும் போட்டு வைத்திருந்தான். பார்க்க மிக அழகான படம். தோல் பளபளத்தது. இரண்டு கண்ணும் ஒரே அளவில் ஒளிர்ந்தன.

அந்தத் தாய் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "இது என்ட வாப்பா இல்லையே மகன்" என்றார்.

கடையில் யாரும் பேசவில்லை. அவர் சத்தம் போடவில்லை, காசைத் திருப்பிக் கேட்கவுமில்லை. "என்ட வாப்பாக்கு இந்தக் கண் கொஞ்சம் சின்னது" என்று மட்டும் சொன்னார்.

செயற்கை நுண்ணறிவு என்று இன்று எல்லோரும் பேசும் தொழில்நுட்பத்தின் குணம் இதுதான். அழிந்துபோன இடத்தில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான மற்ற முகங்களைப் பார்த்து, இங்கே இப்படி ஒரு கண் இருக்கலாம் என்று ஊகித்து வரைகிறது. போட்டோஷொப்பிலும் 2023ஆம் ஆண்டு முதல் வெற்றிடத்தைத் தானே நிரப்பும் வசதி வந்திருக்கிறது. வானத்தையும் சுவரையும் நிரப்ப அது நல்ல உதவி. சட்டைக் கையில் விழுந்த மடிப்பை நிரப்பவும் பரவாயில்லை. ஆனால் முகத்தில் அதை விட்டால் வேறொரு மனிதர் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு குடும்பத்திடம் இருக்கும் ஒரே படம் அது என்றால், அந்த மனிதரே நாளை பேரப்பிள்ளைகளின் பாட்டனாராகிவிடுவார். இதை நாம் செய்யலாமா?

கையால் திருத்துபவர் அப்படிச் செய்வதில்லை. பூஞ்சை தொடாத கன்னத்தின் தோலைத் தொட்டெடுத்து, பூஞ்சையின் ஓரத்தில் மெல்ல மெல்ல வைத்துக்கொண்டு போகிறார். எங்கே தகவல் இல்லையோ அங்கே நிறுத்துகிறார். நிழலாகவே விட்டுவிடுகிறார். வாடிக்கையாளரைப் பக்கத்தில் இருத்தி, "கண் இப்படியா, இன்னும் சின்னதா?" என்று கேட்கிறார். பேனா தேவைப்படுவது இந்த வேலைக்குத்தான். அழுத்தத்தை அறியும் பேனா இல்லாமல் மவுஸால் இதைச் செய்யலாம், ஆனால் பல மணி நேரம் ஆகும். நேரம் இல்லாததால்தான் பையன் செயலியிடம் போனான்.

அந்தத் தாயின் படத்தை மறுபடி செய்து தருவதாகச் சகோதரர் வாக்குக் கொடுத்தார். அவர் போன பிறகுதான் டெப்லட் பேச்சு மீண்டும் தொடங்கியது.

திரை வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. குறைந்தபட்சம் முதல் டெப்லட்டுக்கு வேண்டாம்.

திரையுள்ளதில் படத்தின் மேலேயே பேனாவை வைத்து வேலை செய்யலாம். வெறும் பலகையில் கை மேசையில் இருக்கும், கண் திரையில் இருக்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள் தடுமாறும். பிறகு பழகிவிடும். மவுஸும் அப்படித்தானே? மவுஸைப் பிடிக்கும்போது கையை யாரும் பார்ப்பதில்லை. சித்திரம் வரைபவருக்குத் திரை பெரிய உதவி. படம் திருத்துபவருக்கு அது அவ்வளவு அவசியமில்லை. மேலும் திரையின் மேல் கை கிடந்தால் படத்தின் பாதியைக் கை மறைக்கும். குனிந்து வேலை செய்வதால் கழுத்தும் வலிக்கும். மலிவான திரைகளில் நிறமும் பிரின்டில் வரும் நிறமும் ஒத்துவராத தொல்லை வேறு.

மின்சாரத்தையும் யோசியுங்கள். 2022 மார்ச் மாதத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. திரையுள்ளதற்குப் பெரும்பாலும் தனி மின் இணைப்பு வேண்டும். வெறும் பலகைக்கு லெப்டொப்பின் யூஎஸ்பி தரும் மின்சாரமே போதும். விளக்கு அணைந்தாலும் லெப்டொப்பில் சார்ஜ் இருக்கும்வரை வேலை நடக்கும்.

எந்த அளவு?

கடைக்காரர்கள் சொல்லாத விடயம் இது. பலகையின் அகலம் முழுவதும் திரையின் அகலம் முழுவதற்கும் சமம். நம் ஸ்டூடியோக்களில் இருக்கும் 21.5 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 48 சென்ரிமீற்றர். சிறிய டெப்லட்டின் வேலைப்பரப்பு ஏறக்குறைய 15 அல்லது 16 சென்ரிமீற்றர் அகலம். அதாவது கை ஒரு சென்ரிமீற்றர் நகர்ந்தால் திரையில் மூன்று சென்ரிமீற்றர் நகரும். கண்ணிமையை ஒட்டிய கீறலைத் திருத்தும்போது இது கையை நடுங்க வைக்கும். படத்தைப் பெரிதாக்கிச் சமாளிக்கலாம், ஆனால் அடிக்கடி பெரிதாக்கிச் சிறிதாக்குவதில் நேரம் போகும்.

நடுத்தர அளவில் 22 முதல் 25 சென்ரிமீற்றர் அகலம் கிடைக்கிறது. கைக்கும் திரைக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்களவாகக் குறைகிறது. முழங்கையிலிருந்து நகர்த்த இடமும் இருக்கிறது. இதற்கு மேற்பட்ட பெரிய அளவு மேசையை நிரப்பிவிடும், கீபோர்டுக்கு இடமிருக்காது. எனவே பழைய படம் திருத்துபவருக்கு நடுத்தர அளவே பொருத்தம். சிறிய லெப்டொப்பில் மட்டும் வேலை செய்பவரும், பையில் வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போகிறவரும் சிறியதை எடுக்கலாம்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். வக்கொம் கம்பனியின் 'வன் பை வக்கொம்' நடுத்தர அளவு 216க்கு 135 மில்லிமீற்றர். ஹுயியன் எச்610 ப்ரோ வி2, எக்ஸ்பி-பென் டெக்கோ 01 ஆகியவை 10 அங்குலத்துக்கு 6.25 அங்குலம். வக்கொமின் இன்டுவொஸ் வரிசையிலும் நடுத்தர அளவு உண்டு. இவற்றில் எதுவும் நமது வேலைக்குப் போதுமானது. எது நல்ல உத்தரவாதத்தோடு கிடைக்கிறதோ அதை எடுங்கள். எந்தக் கம்பனியிடமும் நான் காசு வாங்கவில்லை!

8192 என்ற மந்திரம்

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 8192 என்று போட்டிருப்பார்கள். பேனா உணரும் அழுத்தப் படிகளின் எண்ணிக்கை அது. 'வன் பை வக்கொம்' 2048 படிகள். இன்டுவொஸ் 4096. விலை குறைந்த ஹுயியன் 8192. அப்படியானால் மலிவானது நான்கு மடங்கு சிறந்ததா? இல்லை. நாம் பிரின்டுக்கு அனுப்பும் சாதாரண ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே இருக்கின்றன. 2048க்கும் 8192க்கும் உள்ள வித்தியாசத்தைப் படம் திருத்தும் கை உணராது.

கவனிக்க வேண்டியது வேறு. பேனாவை மிக மெல்லத் தொட்டால் கோடு விழுகிறதா? விழ அழுத்த வேண்டியிருந்தால் அந்தப் பேனா முகத் திருத்தத்துக்குச் சரிப்படாது. குறுக்காக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். அது அலை அலையாக வந்தால் வேண்டாம். இரண்டு நிமிடச் சோதனை இது. பெட்டியில் எழுதியிருக்கும் எண்களை விட இதை நம்பலாம். மாவு வாங்கும்போது பையின் மேலுள்ள படத்தைப் பார்த்தா வாங்குகிறோம்? விரலில் எடுத்துத் தேய்த்துத்தானே பார்க்கிறோம்.

நமது ஊருக்கென்று சில விடயங்கள்

மன்னார்த் தீவில் காற்று ஒரு செல்வம். அந்தக் காற்றை நம்பித்தான் 2020இல் தம்பபவனி காற்றாலைகள் எழுந்தன. ஆனால் அதே காற்று உப்பையும் மணலையும் கடைக்குள் கொண்டுவருகிறது. பலகையின் மேல் ஒரு மணல் துணுக்கு கிடந்து அதன்மேல் பேனா ஓடினால் கீறல் நிரந்தரம். வேலைக்கு முன் உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். வேலை முடிந்ததும் மூடி வையுங்கள். வியர்வைக்கு இரண்டு விரல் மட்டும் மூடும் கையுறை விற்கிறார்கள், அது போதும்.

பேனாவின் முனை தேயும் பொருள். பெட்டியோடு சில உபரி முனைகள் வரும். அவை முடிந்தபின் எங்கே வாங்குவது என்று வாங்கும் நாளிலேயே கேளுங்கள். பேனா தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். ஒரு கம்பனியின் பேனா இன்னொரு கம்பனியின் பலகையில் வேலை செய்யாது. ஒரே கம்பனியிலும் மாதிரிக்கு மாதிரி மாறும். பேனா தொலைந்தால் அந்தப் பலகை இறைச்சி வெட்டக்கூட உதவாது.

வயர் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கட்டும். உப்புக் காற்றில் முதலில் கெடுவது வயரின் முனைதான். பலகையோடு சேர்ந்த வயர் என்றால் முழுப் பொருளும் போய்விடும்.

பாவித்த பொருள் வாங்குபவர்கள், பேனாவுக்குள் மின்கலமோ சார்ஜ் செய்யும் துளையோ இருக்கிறதா என்று பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முந்தைய மலிவான மாதிரிகள் அப்படி வந்தன. அந்த மின்கலம் களைத்துவிட்டால் வேலையின் நடுவில் பேனா நின்றுவிடும்.

உங்கள் கம்பியூட்டரின் வயதையும் கணக்கில் எடுங்கள். டெப்லட் வேலை செய்ய டிரைவர் என்னும் சிறிய மென்பொருளை ஏற்ற வேண்டும். நம் கடைகளில் இன்னும் பழைய விண்டோஸ் ஓடுகிறது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்ட்டின் பொதுவான ஆதரவே 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. உங்களிடம் இருப்பது எந்த விண்டோஸ் என்று எழுதிக்கொண்டு போய், இந்த மாதிரியின் டிரைவர் அதில் ஓடுமா என்று கேட்ட பின்பே பணத்தை எடுங்கள்.

மன்னாரிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மற்ற கொள்முதலுக்குப் போகும் நாளிலேயே லெப்டொப்பையும் கொண்டுபோய், கடையிலேயே மாட்டி, ஒரு பழைய படத்தைத் திறந்து சோதித்துப் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால் சில ஆயிரம் ரூபா மிஞ்சலாம். ஆனால் பழுதானால் திருப்பி அனுப்பும் செலவும் அலைச்சலும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

கணக்கைப் போடுவோம்

திரையில்லாத நடுத்தர டெப்லட்டுகள் உலகச் சந்தையில் பெரும்பாலும் 50 முதல் 100 டொலருக்குள் கிடைக்கின்றன. திரையுள்ளவை ஏறக்குறைய 200 டொலரில் தொடங்கிப் பல நூறு வரை போகும். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்து, 18 வீத வற்வரியையும் கடை இலாபத்தையும் சேர்த்து, முதலாவது 25,000 ரூபா, இரண்டாவது 100,000 ரூபா என்று உதாரணத்துக்கு எடுப்போம். சரியான விலையை நீங்கள் விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய படத்தைத் திருத்த மவுஸால் மூன்று மணி நேரம், பேனாவால் இரண்டு மணி நேரம் என்று வைப்போம். மிஞ்சுவது ஒரு மணி நேரம். அந்த நேரத்தின் பெறுமதி 500 ரூபா என்றால், 25,000 ரூபாவை மீட்க ஐம்பது படங்கள் செய்ய வேண்டும். வாரத்துக்கு நான்கு படம் வந்தால் மூன்று மாதத்தில் முதல் வந்துவிடும். அதே வேகத்தில் 100,000 ரூபாவை மீட்க இருநூறு படங்கள். ஏறக்குறைய ஒரு வருடம். தவணைக்கான மேலதிகத் தொகை இந்தக் கணக்கில் சேரவில்லை. மாதத்துக்கு இரண்டே படங்கள் வருகிறதென்றால் 25,000 ரூபாவை மீட்கவே இரண்டு வருடம் ஆகும். அவர் டெப்லட்டே வாங்க வேண்டாம், மவுஸோடு பொறுமையாக இருக்கட்டும்.

ஸ்கேனர் இல்லாதவர் முதலில் ஸ்கேனர் வாங்கட்டும். போனால் எடுத்த படத்தில் கண்ணாடியின் பளபளப்பும் கையின் நிழலும் விழுந்திருக்கும். அதைத் திருத்துவது வீண் உழைப்பு. நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 புள்ளிகள் கிடைக்கும், பெரிதாகப் பிரின்ட் செய்யவும் போதும். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். மூல ஸ்கேனை ஒரு இடத்தில் தொடாமல் வைத்துவிட்டு, பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும். திருத்தங்களைத் தனி லேயரில் வைத்தால் எப்போதும் பின்வாங்கலாம்.

மாதச் சந்தா கட்டி போட்டோஷொப் பாவிக்க முடியாதவர்களுக்கு கிம்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதுவும் பேனாவின் அழுத்தத்தை அறியும். திருட்டுப் பிரதியோடு வைரஸ் வந்து வாடிக்கையாளரின் படங்களெல்லாம் அழிந்தால் யார் பதில் சொல்வது?

முடிவாக

வாங்கிய முதல் வாரத்தில் பலர் மனம் சோர்ந்து டெப்லட்டை மேசைக்கடியில் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு வாரம் மவுஸைக் கழற்றி லாச்சிக்குள் வையுங்கள். எல்லா வேலையையும் பேனாவாலேயே செய்யுங்கள். கை பழகிவிடும்.

நம் சகோதரர் என்ன செய்தார் என்று சொல்லி முடிக்கிறேன். தவணைக் கடைக்குப் போகவில்லை. ஒரு மாதம் கொப்பியில் எழுதினார். பழைய படம் திருத்தும் வேலை பதினேழு வந்திருந்தது. அவர் நினைத்ததை விட அதிகம். ரொக்கம் கொடுத்து நடுத்தர அளவில் திரையில்லாத ஒன்றை வாங்கினார். மிஞ்சிய பணத்தில் பழைய ஸ்கேனரை மாற்றினார். கடைச் சுவரில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறார்: "முகத்தைக் கையால் மட்டுமே திருத்துவோம். தெரியாத இடத்தை உங்களிடம் கேட்போம்." விலை பக்கத்துக் கடையை விடச் சற்றுக் கூட. ஆனாலும் புத்தளத்திலிருந்து பஸ்ஸில் படங்கள் வருகின்றன.

அந்தத் தாயின் படம்தான் புதிய பேனாவால் அவர் செய்த முதல் வேலை. அவரையே பக்கத்தில் இருத்திச் செய்தார். ஒரு கண் மற்றதை விடச் சிறியது. பூஞ்சை பிடித்த கன்னத்தின் ஓரம் முழுதாகத் தெளியவில்லை, மங்கலாகவே இருக்கிறது. அந்தத் தாய் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். முந்தானையால் துடைத்து, பையில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு மகன்?" என்று கேட்டாராம்.